ஏழாம் மேசைக்காரி

அத்தியாயம் ஒன்பது

தன்மேல் தானே பொறாமைப்பட முடியுமா? முடியும். வாலு பட்டுக்கொண்டிருந்தாள்.

காலை நேரம். அம்மா கையில் ரொட்டித் துண்டைப் பிடித்தபடி, கடிக்காமல், ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவள் மனசு எங்கே இருக்கிறது என்று வாலுவுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் ஃபோனில் அழுத அந்தப் பெண்ணிடம்.

அந்தப் பெண் வாலுதான். அது அம்மாவுக்குத் தெரியாது.

போன வாரத்தை விட்டுவிட்டவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள். இது உரக்கச் சொல்கிற விஷயம் இல்லை.

அம்மாவுக்கு வேலை ஊருக்கு வெளியே இருக்கும் பார்சல் கிடங்கில். நீளமாக ஒரு பெல்ட் ஓடும். அதன் இரண்டு பக்கமும் மேசைகள், மேசைக்கு ஒருத்தி. கையில் இருக்கும் ஸ்கேனர் ஒவ்வொரு பெட்டிக்கும் 'பீப்' என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் மேனேஜர் அறையில் அந்த மேசையின் விளக்கு சிவப்பாகிவிடும். தண்ணீர் குடித்தால் சிவப்பு, தும்மினால் சிவப்பு, சிரித்தால் இரண்டு சிவப்பு என்று அங்கே ஒரு கேலி உண்டு.

போன வருஷம் ஒரு பெண் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தபடியே மயங்கி விழுந்தாள். கம்பெனிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய லேபிள் அறையைக் காலி செய்து, இரண்டு நாற்காலி போட்டு, ஒரு ஃபோனை வைத்து, 'ஊழியர் நல அறை' என்று பலகை மாட்டிவிட்டார்கள். பெண்கள் அதற்கு வைத்த பெயர் அழுகை ரூம். நேரில் வந்து அழலாம். வெட்கமாக இருந்தால் சாயங்காலத்தில் ஃபோன் செய்து அழலாம். பெயர் சொல்ல வேண்டாம், நம்பரும் தெரியாது.

அந்த அறைக்கு அம்மாவைப் போட்டார்கள். ஐந்து நாள் வகுப்புக்கும் அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அம்மாவின் காது. வீட்டுக்கு வந்து சேரும்போது காது தீர்ந்து போயிருக்கும்.

வாலு சொல்லிப் பார்க்காமல் இல்லை. "அம்மா, காலைல எந்திரிச்சா எனக்கு நெஞ்சு படபடன்னு..." என்று ஆரம்பிப்பாள். அம்மாவின் ஃபோன் அடிக்கும். "ஒரு நிமிஷம்டா கண்ணு" என்பாள் அம்மா. அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை.

அதனால்தான் ஒரு சாயங்காலம் ஃபோன் வாயில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு அந்த நம்பருக்கு அடித்தாள். சும்மா சோதித்துப் பார்க்கத்தான். மற்றவர்களுக்கு அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான்.

வைக்க முடியவில்லை. அம்மா குறுக்கே பேசவில்லை. 'அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. 'உன் வயசுல நான்' என்று தொடங்கவில்லை. அழுகை வந்தபோது அழவிட்டாள். அப்படி ஒரு அம்மா இருக்கிறாள் என்பதே வாலுவுக்கு அன்றுதான் தெரியும்.

பள்ளிக்கூடத்தைக் கிடங்கு என்று மாற்றினாள். பரீட்சையை டார்கெட் என்று மாற்றினாள். கை நடுங்குவதையும் தூக்கம் வராததையும் அப்படியே சொன்னாள். மறுநாளும் அடித்தாள். அதற்கு மறுநாளும்.

எந்த மேசை என்று அம்மா கேட்கவே இல்லை. வாலுவாகத்தான் சொன்னாள், ஏழாம் மேசை என்று.

ஏழாம் மேசை, அம்மா வாய் ஓயாமல் புகழ்கிற குருவி என்ற பெண்ணுடைய மேசை. அது வாலுவுக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள். "சில நேரம் அந்த பெல்ட்டுக்குள்ள கையை விட்டுடலாமான்னு இருக்கு. அடிபட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கல்ல?" என்று சொன்னாள். அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு நின்றது காதில் கேட்டது. பயந்துபோய் ஃபோனை வைத்துவிட்டாள்.

இதுவரைக்கும்தான் போன வாரம்.

"ஏம்மா, அந்த ரொட்டி உன்கிட்ட ஏதாவது கஷ்டத்தைச் சொல்லுதா?" என்றார் அப்பா. "ரொம்ப நேரமா அதைக் கையைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்க."

அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். காலையிலேயே சட்டைப் பையில் டெஸ்டர் ஏறிவிடும்.

"சும்மா இருங்க."

"நானும் அந்த நம்பருக்கு ஒரு தடவை அடிக்கலாம்னு பார்க்கிறேன். 'மேடம், நான் எட்டாம் மேசை. என் பொண்டாட்டி என்கிட்ட முழுசா ஒரு வார்த்தை பேசி மாசக்கணக்காச்சு. மனசு சரியில்ல'ன்னு சொன்னா கேப்பியா?"

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. அங்க ஒரு குழந்தை உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்குது."

சொன்னதும் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அங்கே கேட்டதை இங்கே பேசக் கூடாது என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

வாலுவுக்கோ அந்த ஒரு சொல் முள் மாதிரி ஏறிவிட்டது. குழந்தை. முகம் தெரியாத ஒருத்தி குழந்தை. எதிரே உட்கார்ந்து முட்டையைக் கிளறிக்கொண்டிருக்கிறவள் யாராம்?

அந்த ஏழாம் மேசைக்காரியின் முடியைப் பிடித்து ஆட்ட வேண்டும் போல இருந்தது. பிறகுதான் அது தன் முடி என்று உறைத்தது.

"அம்மா."

"ம்."

"நேத்து உனக்கு ஃபோன் பண்ணவங்க..."

அம்மா சட்டென்று திரும்பினாள். "அதைப் பத்தி நான் பேசக் கூடாதுடா. உனக்குத் தெரியுமில்ல?"

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"சாயங்காலம் பேசலாமா? இன்னிக்கு நான் சீக்கிரம் போகணும். போனதும் மேனேஜரைப் பார்க்கணும்." தலையில் முத்தம் கொடுக்கக் குனிந்தாள். அவசரத்தில் அது காதில் விழுந்தது. வாசல் கதவு சாத்திக்கொண்டது. ரொட்டி தட்டிலேயே கிடந்தது.

மேனேஜரை எதற்கு? வாலு முட்டைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லன்னு சொல்ற லிஃப்டுதான் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும். என் சர்வீஸ்ல பார்த்தது."

"அப்பா, ப்ளீஸ்."

"சரி சரி. நம்ம வீட்டுல எல்லாருக்கும் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அம்மாவின் ஆறிப்போன டீயை எடுத்துக் கொட்டும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

*

பள்ளிக்கூடத்தில் அன்று வாலு வகுப்பில் உட்கார்ந்த நேரத்தைவிட, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம். கணக்கு வகுப்பு மணி அடித்ததுமே நெஞ்சு குதிரை ஓட்டம் ஓடியது. விரல் ஐஸ் மாதிரி. இது இன்று நேற்றுக் கதை இல்லை. பக்கத்து பெஞ்ச்காரி மட்டும் ஒரு நாள், "உனக்கு வயிறு சரியில்லையா? தினமும் இதே நேரத்துக்கு?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் வாலு. சுலபமான பதில்.

அந்த நாலு சுவருக்குள் நின்று ஒரு முடிவுக்கு வந்தாள். இன்று அடித்து, 'நேத்து சொன்னது சும்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், இனிமே கூப்பிட மாட்டேன்' என்று சொல்லிவிட வேண்டும். ஏழாம் மேசைக்காரியை இன்றோடு ஒழித்துவிட வேண்டும். அவள் ஒழிந்தால் அம்மாவின் காது திரும்பி வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் துப்பட்டாவைச் சுற்றினாள். அடித்தாள்.

"அலோ" என்றது ஒரு ஆண் குரல்.

வாலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இது... நல அறைதானே?"

"ஆமாம்மா. ஆனா நான் ஸ்டோர்காரன். நான் இதை எடுக்கவே கூடாது. என்ன பண்றது, ஃபோன் அடிச்சா எடுக்காம இருக்க எனக்கு வராது. அழறதுன்னா கொஞ்சம் பொறுத்து அழுங்க. அம்மா வந்துடுவாங்க."

"அவங்க எங்க?"

"மேனேஜர் ரூம்ல. ஒரு பொண்ணை வீட்டுக்கு அனுப்பறாங்க. ஏதோ நலமாம். ஓய்வாம். அடையாள அட்டையை வாங்கி வெச்சுட்டு, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வராதேன்னு சொன்னா அதுக்குப் பேரு ஓய்வாம்மா? எங்க காலத்துல அதுக்கு வேற பேரு."

"எந்தப் பொண்ணு?"

"நான் சொல்லக் கூடாது." ஒரு நொடி அமைதி. அந்த அமைதியும் அவருக்கு வரவில்லை. "ஏழாம் மேசைக் குருவிதான். பாவம், 'நான் ஒண்ணும் சொல்லலை, நான் நல்லாத்தான் இருக்கேன்'னு கத்துது. கத்தக் கத்த இவங்க, 'ஆமா, அப்படித்தான் சொல்லுவாங்க'ன்னு தலையை ஆட்டறாங்க. அலோ? அலோ? இருக்கீங்களாம்மா?"

வாலு வைத்துவிட்டாள்.

முதலில் வந்தது பயம் இல்லை. அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. முதலில் வந்தது சந்தோஷம். சின்னதாக, சூடாக, நாக்கில் வைத்த வெல்லம் மாதிரி ஒரு சந்தோஷம். குருவி போய்விட்டாள்!

எத்தனை நாளாகக் குருவி, குருவி, குருவி. 'குருவி இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா?' 'குருவிக்கு இருமல், அந்தத் தூசிதான்.' 'குருவி மாதிரி ஒரு பொண்ணு எந்தக் கஷ்டத்தையும் சிரிச்சே தள்ளிடுவா.' அம்மா தன் பழைய ஸ்வெட்டரை அவளுக்குக் கொடுத்திருந்தாள். வாலு அந்த ஸ்வெட்டரைக் கேட்டவள் இல்லை. ஆனால் கேட்டால் கிடைக்கும் என்று இருந்ததை இன்னொருத்தி போட்டுக்கொண்டு திரிவது வேறு.

பிறகுதான் மற்றது வந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

*

அம்மா தனியாக வரவில்லை.

"வாலு, இன்னொரு தட்டு வை" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். பின்னால் குருவி நின்றுகொண்டிருந்தாள்.

வாலு அவளை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெயருக்கு ஏற்ற உருவம். இருபது வயசு என்று சொன்னால் நம்ப முடியாது. அம்மாவின் ஸ்வெட்டருக்குள் கை முழுசாக மறைந்திருந்தது. அட்டைப் பெட்டி கிழித்த சின்னச் சின்னக் கோடுகள் விரல் நுனியில். மேசையில் வந்து உட்கார்ந்தாள். வாலுவின் நாற்காலியில்.

"தனியா விட மனசு வரல" என்று அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தாள். "சாப்பிட்டுட்டு நானே கொண்டுபோய் விட்டுடறேன்."

"வாம்மா, வா" என்றார் அப்பா. "இந்த வீட்டுல சாப்பாடு சுமார்தான். ஆனா கேட்டுக்கறதுக்கு ஆள் உண்டு."

குருவி சிரிக்கவில்லை. எந்தக் கஷ்டத்தையும் சிரித்தே தள்ளுகிறவள் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா சமையலறைக்குள் போனாள். அப்பா கை கழுவப் போனார். வாலுவும் குருவியும் மட்டும்.

"நீதான் வாலு" என்றாள் குருவி.

"ம்."

"தலையைத் துவட்டாம தூங்குவ. முட்டையில வெள்ளையை மட்டும் திம்ப. கோவம் வந்தா செருப்பை ஜோடி மாத்தி வெப்ப."

வாலுவுக்கு முகம் சுட்டது. "அம்மாவா சொன்னாங்க?"

"வேற யாரு? மத்தியானம் சாப்பிடறப்போ உங்கம்மா வாயைத் திறந்தா நீதான். ஊரே அவங்க நான் பேசறதைக் கேக்கறாங்கன்னு நெனைக்குது. நிஜத்துல அவங்க பேசறதை நான்தான் கேக்கறேன்." லேசாக மூக்கை உறிஞ்சினாள். "'என் பொண்ணு இப்பல்லாம் என்கிட்ட பேசறதே இல்ல குருவி. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன். என்னன்னு தெரியல'ன்னு சொல்லுவாங்க. எனக்கு உன்மேல எரிச்சலா வரும். இப்படி ஒரு அம்மாவை வெச்சுக்கிட்டு வாயை மூடிட்டிருக்காளேன்னு. எனக்கு மட்டும் இருந்தா..."



வாலு என்ன நினைத்தாள் என்று கேட்டால், ஆறுதல் அடைந்தாள் என்று சொல்ல ஆசைதான். இல்லை. அம்மா தன்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள், ஆனால் இவளிடம் பேசியிருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. தன்னிடம் கேட்க வேண்டியதை இவளிடம் கேட்டிருக்கிறாள். பொறாமை அடங்கவில்லை. இன்னொரு பக்கம் புரண்டு படுத்தது.

"ஓய்வுதானே குடுத்திருக்காங்க" என்றாள் வாலு. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நல்லதுதானே?"

குருவி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இருக்கறது எங்க அக்கா வீட்டுல. அக்கா புருஷனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பகல்ல கண்ணுல படாம இருக்கற வரைக்கும்தான் அங்க எனக்குப் பாய். நாளைக்குக் காலைல நான் வீட்டுலேயே உக்காந்திருந்தா, 'ஏன் போகல?'ன்னு கேப்பாரு. மனசு சரியில்லன்னு அனுப்பிட்டாங்கன்னு சொல்லட்டுமா? அதுக்கப்புறம் அந்த வீட்டுல என்னை எப்படிப் பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாது." விரிப்பின் ஓரத்தை விட்டாள். "எல்லாரும் அந்த மேசையைத் திட்டுவாங்க. எனக்கு அதுதான் நிம்மதி. அந்த 'பீப்' சத்தத்துல மத்த எதுவும் கேக்காது."

சமையலறையிலிருந்து அம்மா சூப் பாத்திரத்தோடு வந்தாள். அப்பா துண்டில் கை துடைத்தபடி பின்னால் வந்தார்.

"அக்கா" என்றாள் குருவி. "உங்க மேல சத்தியமா சொல்றேன். நான் ஃபோன் பண்ணலை."

"யாரும் ஃபோன் பண்ணதா நான் சொல்லலையே." அம்மாவின் குரல் வகுப்பில் பழகிய குரல். மெத்தென்று இருந்தது. "நீ எதையும் ஒத்துக்க வேண்டாம். எதையும் மறுக்கவும் வேண்டாம்."

"ஐயோ, அக்கா, இந்தப் பேச்சை அந்த ரூம்ல வெச்சுக்கோங்க! காலைலேர்ந்து நான் இல்லன்னா ஆமான்றீங்க. அழலைன்னா அடக்கறேன்றீங்க. கோவப்பட்டா அதுவும் ஒரு அறிகுறின்றீங்க. நான் என்னதான் பண்ணா நல்லா இருக்கேன்னு நம்புவீங்க?"

அப்பா வாயைத் திறந்து, ஒரு கேலியைச் சொல்லப் போய், விழுங்கிக்கொண்டார்.

"இல்லன்னு சொல்றவங்ககிட்டதான் ரொம்ப கவனமா இருக்கணும்னு..." என்றாள் அம்மா.

"வகுப்புல சொன்னாங்க. தெரியும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. எனக்கு அழணும்னு இருந்தா உங்க முன்னாடி உக்காந்து அழ மாட்டேனா? உங்களை இவ்வளவு பக்கத்துல வெச்சுக்கிட்டு, மூஞ்சி தெரியாம, பேரு சொல்லாம, திருட்டுத்தனமா ஏன் அழணும்? நான் என்ன உங்களுக்கு யாரோவா?"

அம்மா சூப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். பாதி வைத்தாள் என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

குருவி சொன்ன ஒவ்வொரு சொல்லும் வாலுவைத்தான் கேட்டது. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு. திருட்டுத்தனமாக.

"நீ இல்ல" என்றாள் அம்மா மெதுவாக. இந்தத் தடவை அது வகுப்புக் குரல் இல்லை.

"நான் இல்லக்கா."

"அப்போ சாயங்கால ஷிஃப்ட்டுல ஏழாம் மேசைல யாரு?"

"மாத்தி மாத்திப் போடறாங்க. யாரு வேணா இருக்கலாம்."

அம்மாவின் முகத்திலிருந்த ரத்தம் எல்லாம் இறங்கியது. "கடவுளே. அப்போ அந்தப் பொண்ணு இன்னும் அங்கதான் நிக்கறா. நான் தப்பான ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அவ அந்த பெல்ட்டுக்கிட்டயேதான் நிக்கறா."

"யாரு? எந்தப் பொண்ணு?" என்றார் அப்பா.

அம்மா பையைக் கவிழ்த்துக்கொட்டி ஃபோனைத் தேடி எடுத்தாள். கைப்பேசியை மேசையில் வைத்து, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டது தெரிந்தா தெரியாமலா என்று சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு கை நெஞ்சில் தேவைப்பட்டது.

"சார், நான்தான். பெல்ட்டை நிறுத்துங்க."

"என்ன?" மேனேஜர் குரலுக்குப் பின்னால் கிடங்கு இரைந்தது. 'பீப்', 'பீப்', 'பீப்'.

"இப்பவே நிறுத்துங்க. நான் சொன்ன பொண்ணு குருவி இல்ல. வேற யாரோ. அவ இப்ப மேசைல இருக்கா. கையை உள்ள விட்டுடுவேன்னு சொன்ன பொண்ணு சார்."

"மேடம், காலைல ஒருத்தியை அனுப்பச் சொன்னீங்க, அனுப்பினேன். இப்போ அவ இல்லங்கறீங்க. ராத்திரி லாரி எல்லாம் வாசல்ல நிக்குது. உங்க பேச்சை நம்பி மொத்த பெல்ட்டையும் நிறுத்தணுமா? நிறுத்தினா மேலே நான் என்ன சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"அது தப்பாப் போச்சுன்னா?"

"அந்த ரூமைப் பூட்டிச் சாவியைக் குடுத்துடறேன். வேலையும் வேண்டாம். நாளையிலேர்ந்து நான் வரல, போதுமா? அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது சார். தினமும் எனக்குத்தான் ஃபோன் பண்ணுச்சு. என்கிட்டதான் சொல்லுச்சு. அழறப்போ மூக்கை உறிஞ்சிட்டு 'சாரி, சாரி'ன்னு சொல்லும். எனக்குன்னு ஒரு பொண்ணு வீட்டுல அப்படித்தான்..."



வாலு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் தெரியாத ஒருத்திக்காக அம்மா வேலையைத் தூக்கி எறிகிறாள். இத்தனை வருஷ வேலை. எனக்காக எறிவாளா என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. இப்போதும், இந்த நேரத்திலும் கேட்டது. எறிகிறாளே, உனக்காகத்தான் எறிகிறாளே என்று இன்னொரு குரல் கத்தியது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

பேசாமல் இருந்துவிடலாம். பெல்ட் நிற்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அம்மாவுக்கு வேலை போகும். வேலை போனால் அழுகை ரூம் இல்லை, ஃபோன் இல்லை, குருவி இல்லை. முழு அம்மாவும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள். இத்தனை நாள் அவள் வேண்டியது இதுதானே?

குருவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தன்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தவளின் தோளை. "அழாதீங்கக்கா. நான் ஓடிப்போய்ப் பார்க்கறேன். ஒவ்வொரு மேசையா பார்க்கறேன்" என்றாள். அட்டை இல்லாமல் வாசல்காரன் உள்ளே விட மாட்டான் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

"அம்மா, நிறுத்த வேண்டாம்" என்றாள் வாலு.

"நீ சும்மா இருடா கண்ணு, ஒரு நிமிஷம்..."

"அங்க யாரும் இல்லம்மா."

அம்மா ஃபோனைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் ஆட்டினாள், பேசாதே என்பது போல.

வாலு ஓர் அடி முன்னால் வந்தாள். இத்தனை நாளாகத் துப்பட்டாவுக்குள்ளிருந்து பேசிய அந்தக் குரலை வெளியே எடுத்தாள். தாழ்ந்த, மூக்கடைத்த குரல். துணியே இல்லாமல்.

"சாரி மேடம்" என்றாள். "நான்... ஏழாம் மேசை."

அப்பாவின் கையிலிருந்து துண்டு நழுவியது. குருவி மெல்லத் திரும்பினாள். அவள் கண்ணில் புரிதல் முதலில், கோபம் பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அதற்கு அவள் என்ன கணக்குத் தீர்க்கப் போகிறாள் என்பது வாலுவுக்குத் தெரியாது. இப்போது பார்க்கவும் தைரியம் இல்லை.

அம்மா மட்டும் அசையவில்லை. காதைத்தான் முதலில் நம்பினாள் போலிருந்தது. கண் பிறகு வந்தது.

அடி விழும் என்று வாலு எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா வந்து எதிரே நின்றாள். கேட்கும்போது குரல் கூடவே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"அவ சொன்னதுல எது பொய்?"

"மேசை."

"அப்புறம்?"

"பெல்ட்."

அம்மா மூச்சை விட்டாள். நிம்மதியாக விட்டாள். அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் வாலுவால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னாள்.

"பெல்ட் இல்லம்மா. ஸ்கூல் மாடிப்படி."

மேசைமேல் கிடந்த ஃபோனிலிருந்து, கிடங்கின் இரைச்சலுக்கு நடுவே மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். "மேடம், நிறுத்தவா, வேண்டாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"